அங்கே அப்போது மணி ஒன்று

வெள்ளவத்தை,
03.02.2025

அன்பு மகள் தனுஷியாவுக்கு அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன், முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் அங்கே சுகம்தானே என்று ஒரு வரி கேட்டுவிட்டு ஊர்க்கதைக்குப் போவதுதான் வழக்கம், இந்தமுறை அப்படிப் போக முடியாது, கடிதம் முழுக்க உன் சுகத்தைப் பற்றித்தான். தினமும் போனில் கதைக்கிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார், ஏதும் ஆகிவிட்டதோ என்று பயப்படாதே. கீழ்வீட்டு றஞ்சிதம் அக்காவின் மகன் ஜனா வெள்ளிக்கிழமை இங்கிலாந்துக்கு, உன் லெஸ்டருக்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லாததற்குக் காரணம் உண்டு, அது பிறகு வரும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு வரி வாசித்ததுமே எடுத்துச் சண்டை பிடிப்பாய், கடிதம் என்றால் முடியும்வரை நீ பேசாமல் இருந்துதான் ஆக வேண்டும். எங்கள் பிளட்ஸில் லிப்ட் பழுதாகி மூன்று கிழமை, திருத்த வந்தவன் கடற்காற்றைக் குற்றம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். பொங்கலுக்கு நீ அனுப்பிய சேர்ட் கொஞ்சம் பெரிது, ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் உன் அலுவலாகக் கிருலப்பனைக்குப் போனேன்.

போன மாதம் வீடியோவில் வந்தபோது வீட்டுக்குள்ளேயும் கம்பளித் தொப்பி போட்டிருந்தாய். அவ்வளவு குளிரா என்று கேட்டேன், கழற்றிக் காட்டினாய். நடுவகிடு இரண்டு விரல் அகலத்துக்கு வெளித்துப் போயிருந்தது. சீப்பில் கைநிறைய வருகிறது, கொழும்பில் நல்ல எண்ணெய் இருந்தால் ஜனாவிடம் கொடுத்துவிடுங்கோ அப்பா என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அழுகையை மறைக்க நீ சிரிப்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். றஞ்சிதம் அக்காவிடம் விசாரித்தேன், கிருலப்பனையில் ஜெயராணி என்றொரு ஆயுர்வேத டொக்டர் இருக்கிறா, ஹற்றன் பக்கத்துப் பிள்ளை, கெட்டிக்காரி, எண்ணெய் வாங்குவதென்றால் போத்தல் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும் என்றா. நான் இரண்டு ஹோர்லிக்ஸ் போத்தலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, பையில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே உட்காருகிற வாங்குகளில் இடமில்லாமல் பெண்கள். உன் அப்பாவின் தலையைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, காதுக்கு மேலே நாலு மயிர். என் தலையையும் மடியில் இருந்த போத்தல்களையும் மாறி மாறிப் பார்த்த ஒரு அம்மா, பாவப்பட்டுத் தன் வரிசை நம்பரை எனக்குத் தந்துவிட்டா. எனக்கில்லை, மகளுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு வந்த லாபத்தை விடுவானேன் என்று பேசாமல் உள்ளே போய்விட்டேன்.

அந்த டொக்டர் பிள்ளைக்கு உன் வயது அல்லது ஒன்றிரண்டு கூட இருக்கும். நான் பாராட்டு விஷயத்தில் கஞ்சன் என்று நீயே சொல்வாய், ஆனால் அவவை எப்படிப் பாராட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. உன் படத்தைப் போனில் காட்டினேன், ஒருதரம் பார்த்துவிட்டு வைத்துவிட்டா. முடியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மகளுக்குப் பசி எடுக்குமா, நெஞ்சு எரியுமா, காலையில் வயிறு ஒழுங்காகப் போகுமா, நாக்கில் வெள்ளை படிந்திருக்குமா என்றுதான் கேட்டா. நான் முடிக்கல்லவா வந்தனான் என்று கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். அவ கோபிக்கவில்லை. சாப்பாடு முதலில் சாறாகி, பிறகு இரத்தம், தசை, கொழுப்பு, எலும்பு என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகுமாம், முடி என்பது எலும்பு உண்டாகும்போது கழிந்து வருகிற மிச்சம் என்று அவர்களுடைய சாஸ்திரம் சொல்கிறதாம், எல்லாவற்றுக்கும் முதலில் வயிற்றில் நெருப்பு ஒழுங்காக எரிய வேண்டுமாம். நேரம் தவறிச் சாப்பிட்டால், அல்லது சாப்பிடாமல் கோப்பியைக் குடித்துச் சமாளித்தால், அந்த நெருப்புத் தடுமாறி, பித்தம் ஏறி, அந்தச் சூடு முடியின் வேரைத்தான் பிடிக்குமாம். எனக்கு டக்கென்று விளங்கிவிட்டது. அந்தக் காலத்தில் நான் வேலை செய்த ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கொழும்பிலிருந்து பதுளைக்கு ஒரு ட்ரங்க் கோல் போவதென்றால் நடுவில் எத்தனை கை மாற வேண்டும், முதலாவது இடத்தில் லைன் பழுதானால் பதுளைக்காரனுக்கு ஒன்றும் கேட்காது, அவன் தன் ரெலிபோனைத்தான் தட்டிக்கொண்டிருப்பான். நாங்களும் அப்படித்தான் தலையைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்பு உட்கார்ந்து யோசித்த மனுஷரின் மூளையை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதற்காக இதோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் அவ சொல்லவில்லை, அங்கே இரத்தமும் சோதித்துப் பார்க்கட்டும், இரும்பு குறைந்திருக்கலாம், தைரொயிட்டும் பார்க்க வேண்டும் என்றா. தன் வித்தைக்குப் பக்கத்தில் மற்றவன் வித்தைக்கும் இடம் கொடுக்கிறவளை நான் நம்புவேன்.

கடைசியாக, மகள் மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்று கேட்டா. நான் பெருமையாகச் சொன்னேன், அதெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுவாள், நான் தினமும் கேட்கிறேன், சாப்பிட்டியா என்று கேட்டால் ஓம் அப்பா என்பாள் என்று. தினமும் எத்தனை மணிக்குக் கதைப்பீர்கள் என்று கேட்டா. விளக்கேற்றி முடிய, ஆறரைக்கு, அரை மணித்தியாலம், இரண்டரை வருஷத்துக்கு முதல் அவளுடைய அம்மா கண்மூடிய நாளிலிருந்து ஒருநாள்கூடத் தவறவில்லை என்றேன். அவ பேனையை வைத்துவிட்டு விரலில் எண்ணினா. பிறகு சொன்னா, “ஐயா, அங்க அப்போ மணி ஒண்ணு. அந்த நேரத்துல உங்ககூட பேசிக்கிட்டு இருந்தா, புள்ள எப்ப சாப்பிடும்?”

நானும் விரலில் எண்ணிப் பார்த்தேன் பிள்ளை. உனக்கு மத்தியானம் அரை மணித்தியாலம்தான் இடைவேளை என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே நீ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அங்கே கோடையில் நேரத்தை மாற்றும்போது உன் கோல் ஐந்தரைக்கு வரும், என்ன இவள் விளக்கேற்ற முதல் எடுக்கிறாளே என்று நான் சலித்துக்கொள்வேன். மணி மாறினாலும் உன் சாப்பாட்டு நேரம் மாறவில்லை என்று அப்போதுகூட இந்த மண்டைக்கு ஏறவில்லை. இரண்டரை வருஷமாக உன் சோற்றை நான் சாப்பிட்டிருக்கிறேன். இதையும் போனில் சொல்லி இன்னொரு நாள் சோற்றைக் கெடுக்கக் கூடாது என்றுதான் கடிதம். அப்பா தனிய இருக்கிறார், இருட்டுகிற நேரம் யோசிப்பார் என்றுதானே நீ அந்த நேரத்தைப் பார்த்து எடுத்தாய், ஒருநாளாவது அதைச் சொல்லிக்காட்டினாயா. இப்படி ஒரு பிள்ளையைப் பெற நான் என்ன புண்ணியம் செய்தேனோ. ஆனால் ஓம் அப்பா என்று இரண்டரை வருஷம் பொய் சொன்னதற்கு, நீ இங்கே வரும்போது காதைப் பிடித்துத் திருகுவேன்.

டொக்டர் எண்ணெய் தரவில்லை. ஒரு மாதம் நேரத்துக்குச் சாப்பிடட்டும், அதற்குப் பிறகு போத்தலைக் கொண்டுவாங்க என்று இரண்டையும் திருப்பித் தந்துவிட்டா. அதனால் ஜனாவிடம் எண்ணெய் வராது, ஒரு சாப்பாட்டுப் பெட்டி வரும், மூடி இறுக்கமானது, குழம்பு ஒழுகாது. அவ சொன்னபடி மத்தியானம் சோறும் பருப்பும் ஒரு கீரையும் சூடாகச் சாப்பிடு, ஊறுகாயையும் வெறும் வயிற்றுக் கோப்பியையும் விடு, இரத்தம் சோதிக்க இந்தக் கிழமையே நேரம் எடு. கடிதம் உன் கைக்கு வருகிற அன்றிலிருந்து ஆறரைக்கு நீ எடுத்தால் நான் எடுக்க மாட்டேன். பயப்படாதே, கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டிருப்பேன். முப்பது வருஷம், ட்ரங்க் கோலில் கதைக்கிறவர்களிடம் மூன்று நிமிஷம் முடிந்தது என்று குறுக்கே சொல்வதுதான் என் வேலை, ஆனால் பிள்ளையோடு கதைக்கிற தாய் தகப்பன் என்றால் கேட்காதவன் போல இருந்துவிடுவேன், அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் நடுவில் அறுக்கிற முதல் கோல் என்னுடையதாக இருக்கிறது. எழுதும்போதே கஷ்டமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஒன்று செய்யலாம். நீ காலை ஏழு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது இங்கே பன்னிரண்டரை. டொக்டரிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன், அம்மா போனபிறகு நானும் மத்தியானச் சோற்றை மூன்று, நாலு மணிக்குத்தான் சாப்பிடுகிறேன். இனி இரண்டு பேரும் சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு வீடியோவைப் போடுவோம். பிள்ளையார் உனக்குத் துணை இருப்பார், அம்மாவும் மேலே இருந்து பார்த்துக்கொள்வா, உடம்பும் மனமும் குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும் மகளே. பெட்டியின் மூடியை வெந்நீரில் கழுவாதே, ரப்பர் இளகிவிடும். காலையில் எடுக்கும்போது ஒன்றும் கதைக்க வேண்டாம். நீ சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

என்றும் உன் அன்பு அப்பா,
க. யோகநாதன்