ஆளில்லாத ஆபீசுக்குக் கொடுத்த சான்றிதழ்

முருகன் துணை

சித்தூர்
22-1-1978, ஞாயிறு

அன்பு மகள் நாச்சம்மாளுக்கு அம்மா மயிலாத்தாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. டெல்லியில் குளிர் கடுமை என்று ரேடியோவில் சொன்னார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சுகம் விசாரிப்பதை இத்தோடு முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதற்குக் கீழே எழுதப்போவதெல்லாம் கோபம். வயலுக்குக் கிளம்பும்போதே உன் அப்பா, புள்ளைக்குக் கொஞ்சம் பதனமா எழுது, தூரதேசத்துல தனியாக் கெடக்குது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பதனமாக எழுத எனக்கு வராது என்பது உனக்கே தெரியும்.

எட்டாம் தேதி நீ போட்ட கடிதம் வந்தது. நம் கூட்டுறவுச் சங்க ஆபீசுக்கு நீ வரைந்த அதே பிளானை உடும்பஞ்சோலையில் கட்டப்போகும் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் எடுத்துக்கொண்டார்கள், மாசியில் ஒப்பந்தக் கையெழுத்து, இருபது கட்டில், ஃபேன் வேண்டாம், பகலில் விளக்கு வேண்டாம், கரண்ட் சரியாக வராத மலைக்கு இதைவிடப் பொருத்தமான கட்டிடம் கிடையாது என்று இரண்டு பக்கம் சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். படித்த எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இருபது மாதமாக அந்தக் கட்டிடத்துக்குள் காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை உட்கார்ந்து தபால் பார்க்கிறவள் உன்னைப் பெற்றவள். அம்மா, உள்ளே இருக்க எப்படி இருக்கிறது என்று இன்றுவரை ஒரு வரி கேட்டிருக்கிறாயா?

பழைய ஓட்டு ஆபீசில் சித்திரை மாதம் வியர்த்து ஊற்றுகிறது, காகிதமெல்லாம் கையில் ஒட்டுகிறது என்று உனக்கு எழுதியவளே நான்தான். அதை மனதில் வைத்துத்தான் ஒரு செங்கல் விட்டு ஒரு செங்கல் வைத்து நாலு சுவரையும் ஓட்டை ஓட்டையாக வரைந்தாய், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் சித்திரையை நினைத்தவள் கார்த்திகையை எப்படியடி மறந்தாய்? மலைக் கணவாய்க் காற்று கிழக்கேயிருந்து இறங்கினால் தை முடிகிறவரை நம் வாசலில் ஒரு வேட்டி காயப்போட முடியுமா? நீ பிறந்து வளர்ந்த ஊர்தானே இது. சான்றிதழ் கொடுக்கிற டெல்லிக் குழுக்காரர்கள் வந்தது வைகாசியில். மேசை இல்லை, நாற்காலி இல்லை, ஆள் இல்லை, காலி ஹாலில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, கரண்டை மிச்சம் பிடிக்கிற கட்டிடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் குடிவந்தது அதற்கு அடுத்த வாரம். கண்ணாடி போட்ட அந்தச் சான்றிதழ் என் தலைக்கு மேலேதான் தொங்குகிறது, காற்றடித்தால் சுவரில் தட்டிக்கொண்டே இருக்கும். அதையும் நான்தான் சணல் கயிறு போட்டு ஆணியில் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன்.

முதல் வருஷம் கார்த்திகையில் ஆற்றுக்குப் போய் ஆளுக்கு ஒரு கூடை கூழாங்கல் பொறுக்கிவந்து காகிதத்துக்குப் பாரம் வைத்தோம். இப்போதுகூட லீவு நாளில் சாவி வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், தாளின் நாலு மூலையிலும் நாலு கல். கல்லுக்கும் அடங்காமல் ஒரு நாள் கருப்புசாமி என்ற பெரியவர் பம்புசெட் கேட்டுக் கைநாட்டு வைத்துக் கொடுத்த அபேட்சை மனு சுவர் ஓட்டை வழியாகப் பறந்தது. பியூன் சென்னிமலை தென்னந்தோப்புக்குள் துரத்திக்கொண்டு ஓடி வரப்பில் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டான், காகிதம் கிடைக்கவில்லை, அந்தப் பெரியவர் மறுபடி மூன்று மாதம் நடந்தார். அதற்குப் பிறகுதான் செயலாளர் ஆறுமுகசாமி ஓட்டையெல்லாம் அடைக்கச் சொன்னார். காலி உரச் சாக்கைச் சுருட்டிச் சுருட்டி அடைத்தோம். காற்று நின்றது, வெளிச்சமும் நின்றது. பகல் பதினொரு மணிக்கு விளக்குப் போட்டோம். அதிலும் நீ செய்த புண்ணியம் ஒன்று இருக்கிறது, பகலில் விளக்கே வேண்டாம் என்று நினைத்து ஹால் முழுக்க ஒரே சுவிட்சு வைத்திருக்கிறாய். டைப் அடிக்கிற பிலோமிக்கு ஒரு விளக்கு வேண்டுமென்றால் பன்னிரண்டும் எரியும். ஏனக்கா, ஒண்ணுக்காகப் பன்னெண்டு எரியுதே, உங்க மகளுக்கு எழுதக் கூடாதா என்று அவள் பத்துத் தடவை கேட்டிருப்பாள், நான் காது கேட்காதவளாக இருந்துவிட்டேன். பங்குனி வந்தால் சாக்கை எடுக்க வேண்டியதுதானே என்பாய். எடுத்தால் அடுத்த கார்த்திகையில் ஏணி போட்டு யார் அடைப்பது, கை ஒடிந்த சென்னிமலையா? புழுங்கித் தொலைகிறது என்று நாலு மேசை ஃபேன் வந்தது. பழைய ஆபீசில் எரிந்ததைப் போல் மூன்று மடங்கு ஓடுகிறது மீட்டர், தலைக்கு மேலே சிக்கனச் சான்றிதழ். பார்க்கிறவன் வாயால் சிரிக்க மாட்டான்.

போன ஆவணியில் லீவில் வந்தபோது ஆபீசுக்கும் வந்தாய். எங்களையெல்லாம் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னாய், மேசைகளை ஓரமாகத் தள்ளச் சொன்னாய், மேசை மேலிருந்த கற்கள் படத்தில் விழுந்தால் நன்றாக இராது என்று நீயே எடுத்து மூலையில் குவித்தாய், பிறகு போட்டோ எடுத்தாய். இத்தனை கல் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கே என் மேலும் கோபப்பட வேண்டியிருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ வருவதற்கு முதல் நாள் சாக்குகளையெல்லாம் உருவி ரெக்கார்டு அறையில் போட்டது நான். ஃபேன்களை ஒளித்துவைக்கச் சொன்னதும் நான். அடுத்து புரட்டாசியில் அந்தக் குழுவிலிருந்து ஒருவர் பார்வையிட வந்தபோதும் அதே கூத்தைத்தான் செய்தேன், அவர் அரை மணி நேரம் உலாத்தி, இளநீர் குடித்துவிட்டு, அருமை என்று சொல்லிப்போனார். கட்டிடம் பயன்பாட்டில் எப்படி இருக்கிறது என்று ஒரு படிவம் கொடுத்திருந்தார். செயலாளர் அதை என்னிடம் நீட்டி, உங்க பொண்ணு கட்டுனதுங்கம்மா, நல்லது கெட்டது நீங்களே எழுதிப்போடுங்க என்றார். குறை ஒன்றும் இல்லை என்று எழுதினேன். ஏன் தெரியுமா, உன்னைக் கட்டிடப் படிப்புக்கு மெட்ராசுக்கு அனுப்பியபோது, பொட்டப்புள்ள கொத்து வேலைக்குப் போகுதாமா என்று வேலந்தாவளம் சந்தையில் சிரித்தார்கள், அவர்கள் முன்னால் நீ தோற்றுப்போகக் கூடாது என்று நினைத்தேன். அந்தப் பொய்தான் இன்றைக்கு மலையேறிப் போய் ஆஸ்பத்திரியாக நிற்கப் பார்க்கிறது.

உடும்பஞ்சோலையில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் உன் சித்தி கருப்பாத்தாள் வீட்டில், அவள் மகள் பிரசவத்துக்கு நான் போயிருந்தது உனக்கு நினைவிருக்கும், அதுவும் மார்கழி. கனத்த சுவர், கதவு, சன்னல் எல்லாம் இருந்த வீடு. சன்னல் இடுக்கில் பழைய சேலையைக் கிழித்துத் திணித்தோம், கட்டிலுக்குப் பக்கத்தில் கரி நெருப்புச் சட்டி. அப்படியும் விடியற்காலையில் கதவிடுக்கு வழியாகப் பனிமஞ்சு உள்ளே வந்தது. பிறந்து மூன்று நாள் ஆன குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டது, உள்ளங்கால் நீலம் பாரித்துவிட்டது. கம்பளிக்குள் துணி விலக்கிய என் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தேன், வெயில் ஏறிய பிறகுதான் அழுதது. அது அழுத பிறகுதான் நானும் அழுதேன். அந்த ஊரில், தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை, நாலு பக்கமும் ஓட்டை போட்ட சுவருக்குள் இருபது கட்டிலில் படுக்க வைக்கப்போகிறாயா? அவர்கள் எந்தச் சாக்கை வைத்து அடைப்பார்கள், யார் வயிற்றோடு சேர்த்து வைப்பார்கள்? சான்றிதழ் மேலே தொங்கினால் குழந்தைக்குக் குளிராதா? உன் கையால் வரைந்த சுவர் ஒரு பச்சைக் குழந்தையைக் கொன்றது என்று நான் கேட்கக் கூடாது நாச்சம்மா. அதற்கு நீ சந்தையில் தோற்றுப் போனாலே தேவலை.

போன வாரம் அந்தக் குழுவிலிருந்து இரண்டாம் படிவம் வந்தது. உடும்பஞ்சோலை வேலை தொடங்கும் முன் ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டுமாம். இந்தத் தடவையும் நானே எழுதினேன். சாக்கு எத்தனை, ஃபேன் எத்தனை, ஒரே சுவிட்சு, சென்னிமலையின் கை, போன தடவை நான் எழுதிய பொய், எல்லாம் எழுதி, கீழே என் முழுப் பெயரையும் போட்டு, நாச்சம்மாளின் தாயார் என்றும் சேர்த்திருக்கிறேன். செயலாளர் படித்துவிட்டு, புள்ளையோட வேலைக்கு ஏதாச்சும் ஆயிடப் போகுதுங்கம்மா என்றார். ஆனால் ஆகட்டும், வேறு வேலை கிடைக்கும் என்று சொல்லி சீல் வைத்து வாங்கிக்கொண்டேன். பிப்ரவரி பத்தாம் தேதி வெள்ளிக்கிழமைத் தபாலில் அது போகும், நீ என்ன எழுதினாலும் போகும். நீ அழுதாலும் போகும்.

ஆனால் அந்தப் படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருக்கிறது. கட்டிடத்தை வரைந்தவர், ஆட்கள் குடியேறிய பிறகு அங்கே வந்திருந்து, வேலை செய்கிறவர்களிடம் நிறைகுறைகளைக் கேட்டறிந்தாரா என்று. போன தடவை யோசிக்காமல் ஆம் என்று எழுதிவிட்டேன். இந்தத் தடவை அந்த ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன். இன்னும் காற்று அடங்கவில்லை. ரயிலேறி ஒலவக்கோட்டில் இறங்கி வந்து, என் நாற்காலியில் ஒரு நாள் முழுக்க உட்கார், பிலோமியைக் கேள், சென்னிமலையைக் கேள். பிறகு இரண்டு பேரும் பஸ் ஏறி உன் சித்தி வீட்டுக்குப் போய் ஒரு விடியற்காலை கண்விழிப்போம். அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது, உன்னைப் பெரியம்மா என்று கூப்பிடும். அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்து, அப்புறம் வேறு சுவர் வரை. உன்னால் முடியும், முடியாதவள் என்றால் எனக்கு இத்தனை கோபம் வராது.

மாகாளியம்மன் உனக்கு ஆயுசையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும், உன் அப்பாவின் ஆசிகளும் உண்டு. வரும்போது கம்பளிச் சட்டையை மறக்காதே, கேமராவை அங்கேயே வைத்துவிட்டு வா. பத்தாம் தேதி நாலு மணிக்குச் சென்னிமலை தபால் பையைக் கட்டுவான். அதுவரைக்கும் அந்தக் கட்டத்தில் நான் பேனா வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மேல் ஆறாத கோபத்தில் இருக்கும் அம்மா,
ர. மயிலாத்தாள்