வலிக்காத இடம்

அண்ணே,

நான் ராமநாதன், நாயுடுபுரத்து மருந்துக்கடைக்காரன். உங்கள்மீது எனக்குள்ள கோபத்தை எழுத்தில் வைக்கவே இதை எழுதுகிறேன்.

கடை முழுக்க யூகலிப்டஸ் தைல வாடை. உங்கள் மனைவி முன்கையில் தைலத்தைப் பூசிக்கொண்டு பள்ளங்கியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். காலையில் இலை வேகும் கொப்பரையின் மூடியைத் திறந்தபோது ஆவி அடித்துவிட்டதாம். பின்புறக் குழாயடியில் இருபது நிமிடம் கையை நீட்டி நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

“தண்ணி ஊசியாக் குத்துது தம்பி. வலியே இல்லாத கைக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?”

நீங்களும் இதையேதான் சொன்னீர்கள்.

போன மழைக்காலத்தில் கொதிநீர் உங்கள் ரப்பர் பூட்ஸுக்குள் இறங்கியது. தைலம் வடிந்து முடியும்வரை பூட்ஸைக் கழற்றவில்லை நீங்கள். மறுநாள் களிம்பு கேட்டு ஆளனுப்பினீர்கள், நானே கொண்டுவந்தேன். முழங்காலுக்குக் கீழே வெறும் சிவப்பு. மேல்தோல் மட்டும் வெந்தது, தானே ஆறும். அதற்குக் கீழே நீர் கோத்த கொப்புளங்கள்; தொட்டால் துடித்தீர்கள். கணுக்காலைச் சுற்றி, பூட்ஸ் வெந்நீரைப் பிடித்து வைத்திருந்த இடத்தில், தோல் வெளுத்து விறைத்திருந்தது. அங்கே அழுத்தினேன். உங்களுக்குத் தெரியவே இல்லை.

“பாத்தியாலே? கொப்புளந்தான் படுத்துது. இது ஆறிப்போச்சு.”

ஆறவில்லை. வலியை உணரும் நரம்பும் சேர்ந்து வெந்திருந்தது. சொன்னேன். “மருந்து விக்கிறவனுக்கு எல்லாமே சீக்குதான். தைலம் காச்சுறவனுக்குத் தைலந்தாம்லே வைத்தியம்” என்று சிரித்தீர்கள். சளிக்குப் பூசுவதையே சுட்ட புண்ணுக்கும் பூசுவது இந்த மலையில் தைலம் காய்ச்சுகிறவர்களின் தவறு. உயிருள்ள தோலைத் தைலம் மேலும் எரிக்கும். செத்த தோலில் எரிச்சல் தெரியாது. எரியாததைக் குணமென்று எடுத்துக்கொண்டீர்கள்.

தோல் போனால் உடம்பின் நீர் வெளியே வடியும்; கிருமி தடையின்றி உள்ளே நுழையும். உங்களுக்குச் சர்க்கரை வேறு. ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல். மருத்துவமனைக்கு மலையிறங்கும் வழியில், பெருமாள்மலையைத் தாண்டும்போதே என்னை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. கீழே போய்ச் சேர்ந்தபோது, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் மருத்துவர். நீங்கள் உயிரோடு மலையேறவில்லை.

இந்தக் கோபத்தில் பாதி என்னுடையது. மருத்துவர் பார்க்காத ஆழமான காயத்துக்கு மருந்து தருவதில்லை என்பது என் விதி. எவருக்கும் தளர்த்தியதில்லை, உங்களுக்குத் தளர்த்தினேன். நட்பு கெடுமே என்று களிம்பையும் கட்டுத்துணியையும் வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பினேன்.

மதினியின் கையில் வெற்றிலை அளவுக்கு வெளுத்திருக்கிறது.

“கட்டுப் போட்டு விடு தம்பி, நாளைக்கு வெள்ளனே ஆசுபத்திரி போறேன். கொப்பரையில எல கெடக்கு. ஒங்க அண்ணன் இருந்தா இப்பிடி நிக்க விட்டுருப்பாரா?”

விட்டிருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்டவர் உங்கள் காலைக் கவனிக்காமல் அவரைத் தனியே விட்டுப் போனீர்களே, என் ஆத்திரமே அதுதான்.

நான் வரச்சொன்ன ஜீப் வந்து நிற்கிறது. காயத்தின்மேல் சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி, கடையைப் பூட்டி, மதினியை இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன். ஏற மறுத்தால், உங்கள் காலில் அன்று எதைப் பார்த்தேன், பார்த்தும் எதைக் கொடுத்தேன் என்று, இதுவரை அவரிடம் சொல்லாததை நடுத்தெருவில் நின்று சொல்வேன். ஏறினாலும் சொல்வேன்.