காலை ஆறு மணி வாடிக்கையாளர்

வேராக்ரூஸ்
மார்ச் 4

அன்புள்ள சொய்லா,

நீயும் மகள் யாதிராவும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற வார்த்தைதான். இந்த முறை யோசித்து எழுதியிருக்கிறேன்.

போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "நம்ம வீட்டுல தினம் காலைல யாருக்குக் காபி?" என்றாய். குரல் சாதாரணமாக இருந்தது. அதனால்தான் பயந்தேன்.

பக்கத்து வீட்டு குக்கா சொல்லியிருப்பாள். அவள் காதில் விழுந்தது பொய்யில்லை. தினமும் ஆறு மணிக்கு நம் வீட்டிலிருந்து கரண்டியால் கிளாஸைத் தட்டும் சத்தம் போகிறது. இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம். யாரோ காபியோடு உட்கார்ந்து பால் கேட்கிறார்கள், ஒருவன் கெண்டியோடு வந்து ஊற்ற வேண்டும். அவள் புருஷன் பாஸ்குவால் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்னப்பா ஹெர்மிலோ, கடைல ஊத்துனது போதாம வீட்டுலயும் ஊத்துறியா? ஆள் யாருன்னு எங்களுக்கும் கொஞ்சம் காட்டேன்" என்றான். நான் சிரித்து மழுப்பினேன். அது தப்பு.

ஆள் யாருமில்லை. என் கால்.

முதலிலிருந்து எழுதுகிறேன். போனில் சொல்லியிருந்தால் அன்றே பஸ் ஏறியிருப்பாய்.

நீ நவம்பரில் யாதிராவிடம் கிளம்பிய பிறகு நான் என் பாதத்தைப் பார்க்கவில்லை. சர்க்கரை வந்த இந்த ஒன்பது வருடமும் நீதான் பார்த்தாய். கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பாய். நான் பேஸ்பால் செய்தி படித்துக்கொண்டிருப்பேன். பஸ் நிலையத்தில் பத்து முறை சொன்னாய். பத்து முறையும் சரி என்றேன்.

சோம்பல் இல்லை, சொய்லா. முற்றம் பெருக்கினேன். பீன்ஸ் ஊறவைத்தேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன், வெளியே மட்டும். சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் உடம்பு வரவில்லை.

சர்க்கரையால் அப்பாவின் காலை வெட்டி எடுத்தபின் முதல் முறை கட்டுப் பிரித்தபோது நான் அந்த அறையில் இருந்தேன். உன்னிடம் சொன்னதில்லை. எனக்குப் பதினேழு வயது. பார்க்காதவரை அது அவர் கால். பார்த்துவிட்டால் என் கால்.

டிசம்பரில் கடையில் ஒரு கிளாஸ் உடைந்தது. பெருக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். வீட்டுக்கு வந்தபோது காலுறை ஈரமாக இருந்தது. பால் சிந்தியிருக்கும் என்று நினைத்தேன், தினமும் சிந்துவதுதானே. குனியாமல் கழற்றி வாளியில் போட்டேன். மறுநாளும் ஈரம். மூன்றாம் நாள் வாளித் தண்ணீர் பழுப்பாக இருந்தது.

சில்லு ஷூவின் அடியைத் துளைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதன் மேல் மூன்று நாள் நடந்திருக்கிறேன். மரத்துப்போன பாதத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மருத்துவ நிலையத்தில் அராசெலி என்று ஒரு நர்ஸ். சின்னப் பெண், கொஞ்சமாகப் பேசுகிறவள். புண்ணைச் சுத்தம் செய்தாள். மாத்திரை, கட்டு. தினமும் காலையில் நானே கட்டைப் பிரித்துக் கழுவி, இரண்டு பாதத்தையும் பார்த்து, ஷூவுக்குள் கைவிட்டுத் தடவ வேண்டும் என்றாள். செய்ததும் குறி போட ஒரு தாள் கொடுத்தாள்.

நான் கடையில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று குறி போட்டேன். கட்டை மேலோடு மாற்றினேன், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு.

பத்து நாள் கழித்துப் போனேன். புண் பெரிதாகியிருந்தது. தாளில் பத்துக் குறி. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தாளுக்குப் புண்ணு இல்ல, ஹெர்மிலோ ஐயா. உங்களுக்குத்தான். இப்படியே போனா சுண்டுவிரல் போயிடும். அதோட நிக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். திட்டவில்லை.

மறுநாள் காலை, டிசம்பர் 27. கட்டிலில் உட்கார்ந்து காபி கலக்கிக்கொண்டிருந்தேன். கரண்டி கிளாஸில் பட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

யாரும் கூப்பிடவில்லை. வீடு காலி. வெறுங்கைகள் இரண்டும் கெண்டி பிடித்த மாதிரி முன்னால் நீண்டிருந்தன.

முப்பத்தொரு வருடம் காபிக் கடையில் கெண்டி தூக்கியிருக்கிறேன். காய்ச்சலில் எழுந்திருக்கிறேன். அப்பாவைப் புதைத்த மறுநாள் எழுந்திருக்கிறேன். யார் தட்டுகிறார்கள், எனக்கு அவர்களைப் பிடிக்குமா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சத்தம் வந்தால் போவேன்.

உட்கார்ந்தேன். இந்த முறை வேண்டுமென்றே, இரண்டு தட்டு தட்டினேன். எழுந்தேன். நின்றுவிட்டால் பிறகு நடக்க வேண்டியதுதான். குளியலறைக்குப் போனேன். வாளி, சோப்பு, துண்டு. கண்ணாடியைத் தரையில் வைத்தேன். காலைத் தூக்கி அதன் மேல் பிடித்தேன்.

பார்த்தேன்.

ஒரு பீன்ஸ் விதை அளவு. ஓரம் வெள்ளை, நடுவில் சிவப்பு. இரண்டு மாதமாக என் தலைக்குள் இருந்தது இதைவிட மிகப் பெரியது. இதற்குத் துடைத்துவிட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். துடைத்துவிட்டேன்.

தினமும் இப்படியே நடந்தது என்று எழுத ஆசை. ஜனவரியில் மூன்று நாள் வடகாற்று அடித்தது. கதவெல்லாம் அதிர்ந்தது, கடையில் ஆளில்லை. இரண்டாம் நாள் காலை தட்டிவிட்டுப் படுத்தே கிடந்தேன். திரும்பத் தட்டினேன். எழவில்லை. பிறகு, கப்பலிலிருந்து இறங்கி வருகிற சில ஆட்கள் கிளாஸ் உடையும்படி தட்டுவார்களே, அப்படித் தட்டினேன். எனக்கே கோபம் வந்துவிட்டது. "வர்றேன்யா, உயிரை எடுக்காதே" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். குக்கா காதில் அதுவும் விழுந்திருக்கும். அதற்கு அவள் என்ன அர்த்தம் சொன்னாள் என்று எழுது.

கார்னிவல் திருவிழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அராசெலி கட்டைப் பிரித்தாள். கட்டைவிரலால் தடவினாள். பக்கத்து அறையிலிருந்த நர்ஸைக் கூப்பிட்டு, "இவர் காலை வந்து பாரு" என்றாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். புண் மூடிவிட்டது. விரல் பத்தும் இருக்கிறது.

ஆனால் வெற்றி என்று நான் நினைப்பது அதை இல்லை. மறுநாள் காலை. புண் இல்லை, தாள் இல்லை, கேட்க ஆளில்லை. இனி எதற்கு என்று உள்ளே ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் கிளாஸைத் தட்டினேன்.

அடுத்த புதன்கிழமை ஷூவுக்குள் கைவிட்டபோது விரலில் குத்தியது. கடையில் தோரணம் கழற்றியபோது விழுந்த குண்டூசி. முனை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தேன். மணி இன்னும் ஆறரை ஆகவில்லை. அன்று கடையின் நீளக் கூடத்தில் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஊர்வலத்தில் போகிற ராஜா மாதிரி நடந்தேன். கெண்டியை வழக்கத்தைவிட உயரத் தூக்கினேன். ஒரு சொட்டு வெளியே விழவில்லை.

இன்று அறுபத்தெட்டாவது நாள் ஆகியிருக்க வேண்டும். இரண்டு நாள் விட்டுப்போனது, அதனால் அறுபத்தாறு. பொய்க்குறி போட மனமில்லை.

இனி உன் விஷயம். யாதிரா வேலைக்குத் திரும்ப வேண்டும், ஜூலை வரை உன்னை இருக்கச் சொல்லிக் கேட்டாள், முடியாது என்றுவிட்டாயாம். நீ குளித்துக்கொண்டிருந்தபோது போனில் சொன்னாள். காரணம் கேட்டதற்கு, "உங்கப்பா காலை யார் பாக்குறது?" என்றாயாம். திஹுவானாவில் உட்கார்ந்துகொண்டு இத்தனை மாதம் என் காலைத்தான் நினைத்திருக்கிறாய். நான் இங்கே அதை மறைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஜூலை வரை இரு. குழந்தை உட்காரப் பழகும்போது நம் வீட்டில் ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும். அவளுக்கு என் முத்தம். அவள் பாதம் நோகாமல் நடந்து வளரட்டும்.

இதைப் படித்துவிட்டு, இனி நீ தேவையில்லை என்று எழுதியிருப்பதாக நினைத்துவிடாதே. ஒன்று மட்டும் கேட்கிறேன். எந்த நாள் வந்தாலும், பஸ்ஸை விட்டு இறங்கியதும் குனியாதே. ஒன்பது வருடமாக முதலில் என் காலைத்தான் பார்க்கிறாய். நிமிர்ந்து என் முகத்தைப் பார்.

உன்
ஹெர்மிலோ