தட்டின் இடப்பக்கம்

மார்ச் 12, மாலை

அம்மா,

மத்தியானம் ஒரு தப்பு செய்துவிட்டேன். அப்பா தட்டில் பாதியை மிச்சம் வைத்தார். பசியில்லை போல என்று எடுத்துவிட்டேன். பிறகு அப்பாவைப் பார்க்க வரும் நர்ஸ் அக்கா வந்து, நான் சொன்னதைக் கேட்டதும், அவருக்குப் பக்கவாதம் வந்த அன்று ஊசி போடச் சொன்ன அதே டாக்டரை வீடியோவில் கூப்பிட்டார்.

"இடப்பக்கம் இருக்கிறது அவர் கவனத்துக்கே வராதும்மா. தட்டைத் திருப்பி வைங்க" என்றார் டாக்டர்.

மறுபடி கொண்டுவந்து திருப்பி வைத்தேன். அப்பா வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவு நேரம் இதை எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார்.

நீ அவருக்கு இடப்பக்கமே உட்கார்ந்து பேசுகிறாய் என்று, "நேரா உட்கார்ந்து பேசினா என்ன, ஏன் அவரைப் படுத்தறே?" என்று காலையில் கத்தினேனே. அவர் தலை அந்தப் பக்கம் திரும்பிப் பழகத்தானாம் அது. நான் வகுப்பிலிருந்தபோது டாக்டர் உனக்குச் சொன்னாராம். தையல் கடையிலிருந்து களைத்து வந்தும் ஒருநாள்கூட நீ இடம் மாறி உட்காரவில்லை. உன் பொறுமை எனக்கு வருமா, தெரியவில்லை.

நான் வகுப்புக்குக் கிளம்புகிறேன். நீ வரும்வரை பக்கத்து வீட்டு அக்கா அப்பாவுடன் இருப்பார். உன் சாப்பாடு மூடியிருக்கிறது.

சொல்ல மறந்தேன்: சட்டை போடும்போது அசைக்க வராத இடக் கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டுமாம். நாளைக் காலை அப்பாவுக்கு நான் போட்டுவிடுகிறேன். நீ பக்கத்தில் நில்.