பாதியில் நின்ற பதில்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் நீங்கலாக. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்வது. நம் வீட்டுக்கு எதிரே பூட்டிக் கிடந்த ரயில்வே ஸ்டேஷனை வெள்ளையடித்து மியூசியம் ஆக்கிவிட்டார்கள். டிக்கெட் ஜன்னல், மூட்டை நிறுக்கும் தராசு, காத்திருக்கும் அறையின் மர பெஞ்சு எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. அப்பா அங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் உட்கார நேரமில்லாத பெஞ்சில் இப்போது கயிறு கட்டி, உட்காரக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், அவருக்கு ஒரே கோபம். இது போதாதென்று பிளாட்பாரத்தில் ஸ்பீக்கர் வைத்து, பார்க்க ஆள் வரும்போதெல்லாம் வண்டி வரும் சத்தத்தைப் போடுகிறார்கள். உனக்குத்தான் தெரியுமே, வண்டி கடக்கும்போது பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது இந்த ஊர்ப் பழக்கம். தண்டவாளத்தைப் பெயர்த்து இத்தனை வருஷமாகியும் அது போகவில்லை. இப்போது நேரங்காலம் இல்லாமல் தெருவே வாயை மூடிக்கொள்கிறது. நேற்று அப்பா என்னைத் திட்டத் தொடங்கினார், சத்தம் வந்தது, அது ஓய்ந்தபோது எதற்குத் திட்ட வந்தோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அந்த வகையில் எனக்கு லாபம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் நஷ்டமாகிவிட்டது. லீவு கிடைச்சிருக்கு, வரட்டுமாம்மா என்று போனில் கேட்டாய். நான் வாயைத் திறக்கவும் அந்தச் சத்தம் வந்து தொலைத்தது. உன் காதில் விழுந்ததோ இல்லையோ, பழக்கதோஷம், நான் நிறுத்திவிட்டேன். நீ சற்றுப் பொறுத்துவிட்டு, சரிம்மா, உனக்குச் சிரமம்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்று வைத்துவிட்டாய். இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது புரியாமல் போயிற்றே என்று அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பப் போன் செய்தால் உன் வேலையை நினைத்து, உன் சௌகரியம்ப்பா என்று சொல்லித் தொலைப்பேன், என் வாய் அப்படி. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு சிரமமும் இல்லை. உன்னைப் பார்க்காமல் இருப்பதுதான் சிரமம். ஸ்பீக்கர் என்று தெரிந்தும் வாசலுக்குப் போய் நிற்கிறேன். சத்தம் வருகிறது, நிற்கிறது, யாரும் இறங்குவதில்லை.

லீவை விட்டுக்கொடுத்திருந்தால் மறுபடி கேட்டு வாங்கு. பஸ்ஸில்தான் வர வேண்டும், வழியில் கண்டதையும் சாப்பிடாதே. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசி. இவ்வளவு எழுதியும் அன்று சொல்ல வந்ததை இன்னும் எழுதவில்லை பார். வா.

உன் அம்மா