கேட்டு நடந்த வழி

1994 மார்ச் 8, செவ்வாய்

காலையில் தூறல், பத்து மணிக்கு நின்றது. ஒன்பது பேர் வந்தோம். நான் முன்னால், தெல்மா கடைசியில். கடைசியில் வருபவர் யாரையும் விட்டுவிடக்கூடாது என்பது எங்கள் செவ்வாய் நடையின் ஒரே சட்டம். தெல்மா பேசிக்கொண்டே வருவதால் முன்னால் போகிறவர்களுக்கு அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கும் வேலையே இல்லை.

சர்ச்சிலிருந்து ஹார்னம் ஹீத் என்கிற மணல் புதர்வெளி, ஹீத்தைக் கடந்து அபட்ஸ் காடு, காடு முடிந்தால் கடைத்தெரு, டீ. மூன்றரை மைல், ஏற்றமே இல்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டுகூடப் போகலாம்.

ஹீத் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இன்று புது வேலி. ஐந்து கம்பி. "தனியார் நிலம். வழி இல்லை" என்று பலகை. ஹியூபர்ட் அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார், எங்களுக்குக் கண் தெரியாது என்பதுபோல.

"முதல்ல அந்த ஆளு யாருன்னு பாக்கணும்" என்றார்.

"குதிரை வச்சிருக்காரே, டாரன்ட், அவருதான். போன வருஷம் பண்ணையை வாங்கினாரே" என்றாள் தெல்மா.

தார்ச்சாலை வழியாகத் திரும்பினோம். லாரி போகும்போதெல்லாம் ஓரத்தில் ஒண்டி நின்றோம். யாரும் டீ குடிக்கவில்லை.

மார்ச் 9

அந்த வழியை என் கணவன் வில்ஃப்தான் கண்டுபிடித்தான். 1971-இல். பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் கால் நீட்டி உட்காராமல் வரைபடத்தை விரிப்பான். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தவனுக்கு நடக்கத்தான் வெறி. முதல் தடவை நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். ஆகஸ்ட் கடைசி. ஹெதர் புதர்கள் முழுக்கப் பூத்து, கண்ணுக்கெட்டிய தூரம் ஊதா. காலடியில் மணல் சூடாக இருந்தது. காட்டுக்குள் நுழைந்ததும் சட்டென்று குளிர், இலை மக்கிய வாசனை. "இந்த இடத்தை ஊருக்கே காட்டணும் ஈனிட்" என்றான். காட்டினான். இருபது வருஷம்.

அவன் போய் மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் இருக்கும்போது அவன் இல்லை என்று தெரிகிறது. அந்த வழியில் நடக்கும்போது மட்டும் அவ்வளவாகத் தெரிவதில்லை. அதைத்தான் அந்த வேலி அடைத்திருக்கிறது. அடுத்த செவ்வாய் ஹியூபர்ட் ஒரு கூட்டம் கூட்டுகிறார். இதை அங்கே சொல்ல முடியுமா?

மார்ச் 15

ஊர்க் கூடத்தில் கூட்டம். ஹியூபர்ட் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எங்களை இன்னும் நாலாம் வகுப்பு என்றே நினைக்கிறார். ஆனால் விஷயம் தெரிந்தவர். இருபது வருஷம் ஊர் ஜனங்கள் ஒரு வழியில், ஒளியாமல், வேலியை உடைக்காமல், யார் அனுமதியும் கேட்காமல் நடந்திருந்தால் அது பொதுவழி. எவன் நிலமானாலும் அடைக்க முடியாது.

"அனுமதி கேக்காம. அதைக் கவனிங்க. கேட்டுட்டு நடந்தா அது உரிமை இல்ல, சலுகை."

ஆளுக்கொரு படிவம். எந்த வருஷம் முதல், எத்தனை தடவை, எதற்காக. எட்டாவது கேள்வி: நிலத்தின் சொந்தக்காரரிடம் எப்போதாவது அனுமதி கேட்டதுண்டா? ஆம், இல்லை.

அந்தக் கேள்விக்கு மட்டும் குறி போடாமல் படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

மார்ச் 16

எழுதித்தான் ஆக வேண்டும். இங்கேயாவது.

கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். 1972 முதல் 1987 வரை, ஈஸ்டருக்கு முந்தின வாரம், ஒரு பழக் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போய், பழைய பண்ணைக்காரர் ரூபன் கேவிலின் பின்கதவைத் தட்டி, "மிஸ்டர் கேவில், செவ்வாய்க்கிழமைக்காரங்க இந்த வருஷமும் உங்க நிலம் வழியா நடக்கலாமா?" என்று கேட்டேன். அவர் ஏதோ திட்டிக்கொண்டே கேக்கை வாங்கிக்கொள்வார். 88-இல் அவர் செத்துப்போனார். அவர் மகனை நான் கேட்கவில்லை. அவன் கதவையே திறக்கமாட்டான்.

ஏன் கேட்டேன்? என்னை அப்படித்தான் வளர்த்தார்கள். அடுத்தவர் வாசலில் கால் வைக்கும்போது கேட்காமல் வைக்கிறதா? ஒன்பது பேர், இரண்டு நாய், சேற்றுப் பூட்ஸ்!

வில்ஃபுக்குத் தெரியாது. அவன் ஹியூபர்ட் கட்சி. "நமக்கு உரிமையானதை எவன்கிட்டயும் கேக்கக்கூடாது" என்பான். அதனால் மறைத்தேன். பதினாறு கேக். ஏலத்துக்குக் கொடுத்தேன், சர்ச்சுக்குக் கொடுத்தேன் என்று பதினாறு பொய். வேறு எதையும் அவனிடம் மறைத்ததில்லை.

மார்ச் 22, செவ்வாய்

"இல்லை" என்பதில் குறி போட்டேன். கீழே "இவை யாவும் உண்மை" என்று அச்சடித்திருக்கிறது, அதன்கீழ் என் கையெழுத்து. ஹியூபர்ட் வாங்கிப் பார்த்துவிட்டு, "உன் படிவம்தான் ஈனிட் நமக்கு முதுகெலும்பு" என்றார்.

ஏப்ரல் 5

சாலையோரமாக நடந்தோம். ஐந்து பேர்தான். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 12

தெல்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வீட்டு அடுப்படியில், அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது.

"ஏண்டி, பதினாறு வருஷமா? என்கிட்டகூட சொல்லல?"

"சொன்னா நீ ஊரெல்லாம் சொல்லுவே."

"ஆமா, சொல்லுவேன்தான்." கத்தியைக் கீழே வைத்தாள். "யாருக்குத் தெரியப்போகுது? கேவில் செத்துட்டாரு. வில்ஃபும் இல்ல. அந்த ஒரு கோடு தானே. விட்டுடு."

"பொய்யில வாங்கின வழியில நான் எப்படி நடப்பேன் தெல்மா?"

"எல்லாரும் நடக்கிற மாதிரிதான். வலதுகால், இடதுகால்."

சிரித்துவிட்டேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் கிழங்கை உரித்து முடித்தாள்.

ஏப்ரல் 13

ஹியூபர்ட்டிடம் போனேன். வேறு படிவம் கேட்டேன், காரணத்தையும் சொன்னேன். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"உன் பேர்ல மட்டும் கேட்டியா, குழுவுக்காகக் கேட்டியா?"

"குழுவுக்காகத்தான்."

"அப்ப முப்பத்தொரு படிவமும் குப்பை. தெரியுதா? முப்பத்தொண்ணு!"

"ஆனா அவரு என்ன பதில் சொன்னாருன்னா—"

"அவரு என்ன சொன்னா என்னம்மா! கேட்டியே, அது போதும் அவங்க வக்கீலுக்கு. மரியாதை, மரியாதைன்னு ஊர் வழியைத் தூக்கிக் குடுத்துட்டியே. வில்ஃப் இருந்திருந்தா வெக்கத்துல செத்திருப்பான்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவருக்கும் அது தெரிந்துவிட்டது, தலையைத் திருப்பிக்கொண்டார். புதுப் படிவத்தில் "ஆம்" போட்டு வைத்துவிட்டு வந்தேன். கேட்டேனா என்று மட்டும்தான் கேட்கிறது, பதில் எழுத இடமே இல்லை.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

ஹெதர் பூக்க ஆரம்பித்துவிட்டது. தனியாக வேலி வரைக்கும் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், பிர்ச் மரத்தடியில் வில்ஃப் கடைசியாக உட்கார்ந்த இடம். அன்றைக்கு மூச்சு வாங்கியது அவனுக்கு. "நீங்க போங்க, இதோ வந்துடறேன்" என்றான். இருபது வருஷத்தில் அவன் பின்தங்கினது அந்த ஒரு நாள்தான். அதுதான் அவன் கடைசி நடை. நான் அவனோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டத்தை நடத்திக்கொண்டு போய்விட்டேன். போய் ஒரு பத்து நிமிஷம் அங்கே உட்கார வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

டாரன்ட் குதிரைமேல் வந்தார். நல்ல மாதிரிதான், தொப்பியைத் தூக்கினார். "நடக்க வர்றவங்க நாயை அவுத்து விடறாங்க மேடம், குட்டி போட்ட குதிரை மிரளுது, அதான் வேலி" என்றார். சட்டென்று என் வாய்வரை வந்தது: "நான் மட்டும் உள்ள வரலாமா?" சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். கேட்க வாயெடுத்துவிட்டு நான் கேட்காமல் வந்தது அதுவே முதல் தடவை.

நவம்பர் 1

ஹியூபர்ட் கடையில் எதிரே வந்தார். வானிலை பற்றிக்கூடப் பேசவில்லை. இந்த ஊரில் இதற்குமேல் ஒரு தண்டனை கிடையாது.

1996 மே 14, செவ்வாய்

ஹியூபர்ட் எப்படியோ படிவங்களை அனுப்பிவைத்து, இரண்டு வருஷம் காகிதம் நகர்ந்து, இன்றுதான் விசாரணை. அதே ஊர்க் கூடம். அதிகாரி ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், சேறு படிந்த பூட்ஸ். காலையிலேயே தனியாக வழியை நடந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது.

டாரன்டின் வக்கீல் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"வருஷா வருஷம் அனுமதி கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"உங்க குழு பூராவுக்கும்?"

"ஆமா."

"அவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டார். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. ஹியூபர்ட் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

நானும் எழுந்துவிட்டேன். அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு, "உக்காருங்க. நீங்க கேட்டதுக்கு மிஸ்டர் கேவில் என்ன சொன்னார்?" என்றாள்.

இரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூட அதைக் கேட்கவில்லை.

"அப்படியே சொல்லட்டுமா? கொஞ்சம் மரியாதைக் குறைவா இருக்கும்."

"அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். கேவில் எல்லா வருஷமும் அதையேதான் சொன்னார், வார்த்தை மாறாமல்: "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா பொண்ணே? அந்த வழி என்னோடதா, நான் குடுக்கிறதுக்கு? எங்க தாத்தன் காலத்துல ஊரே ரொட்டி அடுப்புக்கு முள்ளு வெட்ட அதுலதான் போச்சு. நானே நெனச்சாலும் உன்னைத் தடுக்க முடியாது. கேக்கை வச்சிட்டுப் போ."

கூடம் முழுக்கச் சிரிப்பு. அதிகாரி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து, "எத்தனை தடவை இப்படிச் சொன்னார்?" என்றாள்.

"பதினாறு."

வக்கீல் மறுபடி எழுந்தார், அது கிழவர் விளையாட்டாகச் சொன்னது என்றார். "பதினாறு தடவையா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

வெளியே வந்தபோது ஹியூபர்ட் படிக்கட்டில் நின்றிருந்தார். "நிலத்துக்காரனே ஊர் வழின்னு ஒத்துக்கிட்டிருக்கான். நீ கேக்காம இருந்திருந்தா அவன் அதைச் சொல்லியிருக்கவே மாட்டான்" என்றார், கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்ப்பதுபோல. பிறகு, "அன்னைக்கு உன்னைப் பேசவிட்டிருக்கணும். வில்ஃப் பேரை இழுத்திருக்கக் கூடாது."

"இழுத்திருக்கக் கூடாதுதான்" என்றேன். வேறு யார் பேராக இருந்திருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 19

தீர்ப்பு வந்துவிட்டது. தெல்மா தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பதினாலு பேர். வேலி இருந்த இடத்தில் இப்போது சின்ன மரக்கதவு, "பொதுவழி" என்று எழுதி அம்புக்குறி போட்ட கம்பம். டாரன்ட் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளே போட்டிருக்கிறார். நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டோம்.

பிர்ச் மரத்தடிக்கு வந்ததும், "நீங்க போங்க, நான் வந்துடறேன்" என்றேன். கடைசியாக வந்த தெல்மா நின்றாள். எங்கள் சட்டப்படி அவள் என்னை விட்டுப் போகக்கூடாது. என் முகத்தைப் பார்த்தாள், பேசாமல் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக.

உட்கார்ந்தேன். தரை ஈரம். கேக் சமாசாரத்தை எல்லாம் வில்ஃபிடம் சொன்னேன், பதினாறையும். சொல்லி முடித்தபோது பாரம் இறங்கியிருந்தது. அவன் கத்தியிருப்பான், ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கிவைத்திருப்பான், அப்புறம் ஒரு துண்டாவது மிச்சம் வைத்தாயா என்று கேட்டிருப்பான்.

காட்டுப் பக்கமிருந்து ஒரு இளம் ஜோடி வந்தார்கள், ஊருக்குப் புதுசு. கதவண்டை தயங்கி நின்றார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "மன்னிக்கணும், இந்த வழியா நாங்க போகலாமா?" என்றாள்.

கம்பத்தில் எழுதியிருக்கிறது, படித்துமிருக்கிறாள், இருந்தும் கேட்கிறாள்.

"தாராளமா போ கண்ணு. ஹெதர் நல்லா பூத்திருக்கு" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நான் எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மற்றவர்களைப் பிடிக்கக் காட்டுக்குள் நடந்தேன்.