பிள்ளைக்கு இல்லாத சர்க்கரை

சோரியாங்குப்பம்,
புரட்டாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு, அப்பா சுப்புராயன் தன் கையாலேயே எழுதுவது.

நம்ப மாட்டாய். ஆனால் இது என் எழுத்துதான். ஊர் நூலகத்தில் முதியோர் வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். முதல் நாள் பிரியதர்ஷினி டீச்சர் என் பெயரை எழுதச் சொன்னார். நான், என் மகள் பெயரைக் கற்றுக் கொடுங்கள் என்றேன். ஒரு வரி எழுதுவதற்குள் ஒரு பாத்தி நடவு முடித்ததுபோல விரல் கடுக்கிறது. இருந்தாலும் எழுதிய காகிதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன். “இன்னாய்யா, புது மாப்ள மாதிரி தனியா சிரிக்கிற?” என்று உன் அம்மா கேலி செய்கிறாள்.

பக்கத்து வீட்டு ரூபினாவின் புருஷன் ஹசன் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். மதகடிப்பட்டு போய் உன்னோடு போனில் பேசினால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், உன் மாமியார் வீடே கேட்கிறது. அதனால் நீ அறையில் தனியாக இருக்கும்போது இதைப் படி.

போன வாரம் மழை நன்றாகப் பெய்தது. ஏரிக்கால் கழனியில் உரத்துக்கு விதைத்த தக்கைப்பூண்டு இடுப்பளவு வளர்ந்திருந்தது. மடக்கி உழுதுவிட்டேன். உழும்போது உன் நினைவுதான். பேத்தி மணிபாரதிக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் நாங்கள் தவித்தபோது நீதானே போனில் விளக்கினாய்? தாய்ப்பாலில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது, அது பிள்ளைக்குச் செரிக்காது, பிள்ளையின் குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளுக்குத்தான் அது தீனி, அவை பெருகி நின்றால் கெட்ட கிருமிக்கு இடமிருக்காது என்று. எனக்கு உடனே புரிந்துவிட்டது. தக்கைப்பூண்டை நாமா தின்கிறோம்? மண்ணுக்குள் இருக்கும் கிருமிகளுக்குத்தானே அது தீனி. அவை தின்றால் நெல் தானாக விளைகிறது.

அந்தச் சர்க்கரையைத் தொழிற்சாலையில் செய்து பவுடரில் கலக்கிறார்கள், எங்கள் ஆஸ்பத்திரியில் நானே கரைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறேன் என்றும் சொன்னாய். “அதுலயும் ஒண்ணு ரெண்டு வகைதாம்பா செய்ய முடியுது, தாய்ப்பால்ல நூறு வகைக்கு மேல இருக்குது” என்றாய். என் மகள் எவ்வளவு படித்திருக்கிறாள் என்று அன்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணிபாரதியை எங்களிடம் விட்டு நீ குவைத்துக்கு விமானம் ஏறியபோது அவளுக்கு இரண்டு மாதம். டப்பா பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் அழுது அழுது நீலம் பாரித்துப் போனாள். பக்கத்து வீட்டு ரூபினா ஓடிவந்து, யாரையும் கேட்காமல், தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், அழுகை நின்றது. மறுநாள் டாக்டரிடம் சொன்னோம். பால் கொடுக்கிறவளுக்கு ரத்தம் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்றார். ரூபினா முகம் சுளிக்காமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்றும் குறையில்லை என்றார்கள். ஒரு பக்கம் தன் மகனுக்கு, ஒரு பக்கம் உன் மகளுக்கு என்று பிரித்துவிட்டாள். ஆடி முடிவதற்குள் மணிபாரதியின் வயிறு சரியாகிவிட்டது. தொடையில் மடிப்பு விழுந்தது. என்னைப் பார்த்தால் சத்தம் போட்டுச் சிரிப்பாள்.

அப்போதுதான் சம்பந்தி வள்ளியம்மாள் பேத்தியைப் பார்க்க வந்தார். ரூபினாவின் மாமியார் அஸ்மாவுக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் வழக்கத்தில் பால் குடித்த பிள்ளை சொந்தப் பிள்ளை மாதிரி. குடித்த பிள்ளையும் கொடுத்தவளின் பிள்ளையும் கூடப்பிறந்தவர்கள், அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. அதை வைத்து, “அண்ணே, என் பேரனுக்குப் பொண்ணு கேக்கற யோகம் போச்சு. இனிமே இவ எங்க வூட்டுப் பொண்ணு!” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். உறவு கொண்டாடித்தான் சொன்னாள். வள்ளியம்மாள் முகம் கறுத்துவிட்டது. “இன்னா சம்பந்தி, எங்க வூட்டுப் பொண்ண எந்த வூட்டுல சேத்துக்கினு கீறீங்க?” என்று கேட்டார். நான் விளக்க விளக்க அவர் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே இருந்தார். அன்று மாலையே பிள்ளை மதகடிப்பட்டு போய்விட்டது.

அவரைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன். பிள்ளையைக் கீழே விடுவதில்லை. கழுத்து நிறையத் தாயத்து கட்டியிருக்கிறார், பாலை மட்டும் புட்டியில் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மறுபடியும் தண்ணீராகப் போகிறதாம். தொடை மடிப்பைக் காணோம். என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. டப்பாவின் மேலேயே தாய்ப்பால்தான் சிறந்தது என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறதாம், டீச்சர் படித்துச் சொன்னார். விற்கிறவனே ஒத்துக்கொண்டுவிட்டான். நம் வீட்டில்தான் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் கெஞ்சிக் கேட்டேன். “பெத்தவ ஒரு வார்த்த சொல்லட்டும், நானே கொண்டாந்து வுடறேன்” என்றார். உடனே உனக்குப் போன் போட்டார்கள். நீ என்ன சொன்னாய்? “அத்த சொல்றபடியே இருக்கட்டும்பா” என்றாய். எல்லாரும் கேட்டோம். தெரியாதவள் சொல்லியிருந்தால் மனசு ஆறிப்போயிருக்கும். எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான் அம்மா. யாரோ பெற்ற பிள்ளைக்கு அளந்து கரைத்து ஊட்டுகிற கை உன்னுடையது. பிள்ளை எந்த வீட்டுப் பாலைக் குடித்தது என்று அந்தக் கிருமிகள் கேட்குமா என்று அன்றே கேட்க வாய் வரை வந்தது. ஸ்பீக்கரில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

இன்னொன்று. அப்பன் வாயால் பேசக் கூடாதது, எழுத வருகிறது. நீ போன புதிதில் பால் கட்டி மார் வலித்து, டூட்டி நடுவே கழிவறையில் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு அழுதாயாமே, உன் அம்மா சொன்னாள். இங்கே ரூபினா அந்த ஒரு பக்கத்தை இன்னும் தன் மகனுக்குக் கொடுக்கவில்லை. வற்றிவிடக் கூடாதென்று தினமும் பீய்ச்சி முருங்கை அடியில் ஊற்றுகிறாள். “எத்தினி நாளைக்கும்மா?” என்று கேட்டேன். “வெண்ணிலா அக்கா சொல்ற வரைக்கும் மாமா” என்றாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஒப்பந்தம் முடியாமல் நீ வர முடியாது, எனக்குத் தெரியும். வா என்று எழுதவில்லை. மாமியாரை எதிர்த்துப் பேசச் சொல்லவும் இல்லை. பேச வேண்டாம், எழுது. ஹசனின் நண்பன் ஒருவன் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறானாம். அவனிடம் கொடுத்தனுப்பு. ‘என் மகளை ரூபினாவிடம் விடுங்கள்’ என்று உன் கையெழுத்தில் ஒரு வரி. அதை எடுத்துக்கொண்டு நானே மதகடிப்பட்டுக்குப் பஸ் ஏறுவேன். வள்ளியம்மாள் முன்னால், மாப்பிள்ளை முன்னால் நின்று, எழுத்துக்கூட்டியாவது படித்துக் காட்டுவேன்.

எங்கே இருந்தாலும் உன் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். உன் மகளின் வயிற்றுக்கு வேண்டிக்கொள்ளவில்லை. அது சாமி கையில் இல்லை.

ஒரு வரி போதும் அம்மா. எனக்கு இப்போது படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
சுப்புராயன்.